தமிழ்நாட்டில் குடும்ப வரலாறு தேடுவது எப்படி: எந்த ஆவணம், எந்த அலுவலகம், எந்த வரிசை

குடும்ப வரலாறு தேட இறங்குபவர்கள் பெரும்பாலும் தாத்தாவின் பெயரை இணையத்தில் போட்டுப் பார்ப்பதில் தொடங்குகிறார்கள். எதுவும் கிடைக்காது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இராமசாமிகளும் கருப்பையாக்களும் ஒவ்வொரு தெருவிலும் இருந்திருக்கிறார்கள். நமது ஆவணங்கள் ஊர்வாரியாகவும் நிலவாரியாகவும் கட்டப்பட்டவை. ஊர், தகப்பன் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் ஆள் பிடிபடுவார்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் வேர் உள்ள குடும்பங்களுக்கானது. படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் தகவல்தான் அடுத்த படியின் விண்ணப்பத்தில் நிரப்பவேண்டிய கட்டம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு கட்டுப்போட்ட நோட்டு, ஒரு செல்பேசி, ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், அழைத்த பெயர், தகப்பன், தாய், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, இதை யார் சொன்னார் அல்லது எந்தக் காகிதம் சொல்கிறது என்று எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு ஆண்டுகள் முரண்படும்போது, எது பெரியம்மா சொன்னது, எது பத்திரத்தில் இருந்தது என்று தெரியாமல் தேடலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஆட்களுக்கு எண் கொடுங்கள். நீங்கள் 1. ஒவ்வொருவரின் தகப்பனுக்கும் அவர் எண்ணின் இரட்டிப்பு, தாய்க்கு அதோடு ஒன்று கூட்டல். அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6. பெயர் தெரியாத பாட்டிக்கும் எண் இருக்கும், அதனால் அவர் காணாமல் போகமாட்டார். ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கும் குடும்பத்தில் இந்த எண் இல்லாமல் பேசவே முடியாது.

அடுத்து, உங்கள் ஊர் எந்தெந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். இராமநாதபுரம் மாவட்டம் 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965, புதுக்கோட்டை 1974, ஈரோடு 1979, திண்டுக்கல் 1985, திருப்பூர் 2009. இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் பல ஊர்களின் பழைய காகிதத்தில் கோயம்புத்தூர் என்றுதான் இருக்கும். கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. அந்தப் பக்கத்துப் பழைய அரசாங்க ஆவணங்களைத் தேடுபவர்கள் திருவனந்தபுரத்தையும் கணக்கில் வைக்கவேண்டும். தவறான மாவட்டத்தில் விண்ணப்பித்தால் ‘இல்லை’ என்று பதில் வரும். அந்த ‘இல்லை’யை நம்பித் தேடலை நிறுத்திவிடுவார்கள்.

2. வீட்டில் உள்ள காகிதங்களை முதலில் திரட்டுங்கள்

டிரங்குப் பெட்டி, பீரோவின் மேல்தட்டு, பூஜை அறை அலமாரி. தேடவேண்டியவை: பழைய பத்திரங்கள், தீர்வை ரசீதுகள், ஜாதகக் குறிப்புகள், கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், மொய் நோட்டுகள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பள்ளி மாற்றுச் சான்று, ஓய்வூதிய உத்தரவு, குடும்ப அட்டை, வாரிசுச் சான்று, படங்களின் பின்புறம்.

இவற்றில் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது மொய் நோட்டை. யார் எழுதினார், எந்த ஊர், என்ன முறை என்று ஒரே வரியில் இருக்கும். தாய்மாமன் வரிசை முதலில் வரும். அதிலிருந்தே பாட்டியின் பிறந்த ஊர் தெரிந்துவிடும். கருமாதிப் பத்திரிகையில் இறந்த தேதியோடு பேரன் பேத்திகள் வரை பெயர்கள் வரிசையாக இருக்கும்.

பள்ளிச் சான்றின் பிறந்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில் சேர வயது சரியாக வரவேண்டும் என்பதற்காக மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதி போடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஜாதகம் இருந்தால் ஜாதகத்தை நம்புங்கள்.

எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பழைய மை பரவும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது. ஜன்னலோரம் மதிய வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை இரவலாகக் கேட்காதீர்கள். கேட்டால் சொத்துத் தகராறுக்கு வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும், அந்த வீட்டுக் கதவு அதோடு மூடிவிடும். அவர்கள் கண்ணெதிரே படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதே போதும்.

3. பெரியவர்களிடம் கேட்பது

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். மற்ற எல்லா ஆவணமும் அடுத்த வருடமும் இருக்கும்.

“நம்ம குடும்ப வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால் பெருமை வரும், தகவல் வராது. முறையைக் கேளுங்கள். நம் மொழியில் முறைப்பெயரே பாதி வம்சாவளி. ஒருவரைச் சித்தப்பா என்றால் தகப்பன் வழிப் பங்காளி, அல்லது சின்னம்மாவின் கணவர். மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர், அல்லது அத்தையின் கணவர். ஆகவே இரண்டாவது கேள்வி எப்போதும் தேவை:

“அப்பத்தா, அவரை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?”
“கொழுந்தனார்னுதான்.”
“தாத்தாவோட கூடப் பிறந்தவரா, சித்தப்பா மகனா?”
“கூடப் பிறக்கலைய்யா. அவுக ஐயாவும் இவுக ஐயாவும் அண்ணன் தம்பி.”

இந்த நாலு வரியில் ஒரு தலைமுறை மேலே போயாயிற்று. இரண்டாவது கேள்வி இல்லாமல் ‘கொழுந்தனார்’ என்பதை மட்டும் எழுதியிருந்தால், தாத்தாவுக்கு இல்லாத ஒரு தம்பி வம்சாவளியில் ஏறியிருப்பார்.

வருடத்தை நேராகக் கேட்காதீர்கள். நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது (1964 டிசம்பர்) கல்யாணம் ஆகியிருந்ததா? சுதந்திரம் வந்தபோது பள்ளிக்கூடம் போனீர்களா? அப்போது மூத்த பிள்ளை நடந்ததா, தவழ்ந்ததா? இதிலிருந்து பிறந்த ஆண்டை ஓரிரு ஆண்டு முன்பின்னாகக் கணக்கிட்டுவிடலாம்.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். யாரை எந்த ஊரில் கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து எடுத்தார்கள், எந்தக் குழந்தை தங்காமல் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பேச்சு நிலத்துக்கும் வழக்குக்கும் போய்விடும். அதுவும் வேண்டியதுதான், ஆனால் வேறொரு நாள்.

4. பழைய தேதியை ஆங்கில ஆண்டாக மாற்றுதல்

பழைய ஓலையிலும் கணக்கிலும் ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஒரு துண்டுத் தாளில் இவற்றை எழுதி நோட்டின் அட்டையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘தாது வருஷம்’ என்றால் 1876-77, 1936-37, 1996-97 மூன்றுமே ஆகலாம். ஆளின் மற்ற விவரங்களை வைத்துத்தான் எது என்று முடிவு செய்யவேண்டும். வருடம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷம் மாசி மாதம் என்பது 1936 அல்ல, 1937. தை, மாசி, பங்குனிக்கு ஒன்று கூட்ட மறப்பதுதான் இங்கே நடக்கும் வழக்கமான பிழை.

பசலி, வருவாய்த்துறையின் ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி வரை 825 கூட்டுங்கள். ஜாதகத்தில் சக ஆண்டு இருந்தால் 78 கூட்டுங்கள், தை, மாசி, பங்குனியானால் 79.

5. பிறப்பு, இறப்புப் பதிவு

இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இறந்த ஆண்டு குடும்பத்துக்கு நினைவிருக்கும், பிறந்த ஆண்டு இருக்காது. இறப்புப் பதிவில் வயதும், தகப்பன் அல்லது கணவர் பெயரும் இருக்கும்.

இப்போதைய பதிவு 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நடக்கிறது. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் 1899-ன் சட்டம் இருந்தது. நகரமாக இருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம். கிராமத்தின் பழைய பதிவேடு என்றால் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் பிறப்பைத் தாயின் ஊரில் தேடுங்கள். தகப்பன் ஊரில் தேடி ஏமாந்தவர்கள் ஏராளம். தாயின் ஊர் தெரியாவிட்டால், ஊகமாக ஓர் ஊரில் தேடிப் பதிவு கிடைத்துவிட்டால், பாட்டி பிறந்த ஊர் அதுதான் என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

குழந்தையின் பெயர் பதிவில் இல்லாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருப்பது சகஜம். பெயர் வைக்கும் முன்பே பதிவாகிவிடும் என்பதே காரணம். எனவே தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு ஆகியவற்றைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஒரே ஆண்டைக் குறிக்காமல் முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஐந்தாண்டு கேளுங்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று தேடுதல் கட்டணம் உண்டு. ‘பதிவு இல்லை’ என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், எந்தெந்த ஆண்டு தேடப்பட்டது என்று அதில் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி நேரம் செலவழிக்காதீர்கள். பிரிட்டன், அமெரிக்கா பற்றி எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அதுதான் முதல் ஆதாரமாக இருக்கும். இந்தியாவில் ஆள்வாரியான தாள்கள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது, 1948-ன் சட்டமும் அதைத் தடுக்கிறது. பதிலுக்குப் பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2002, 2005 பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வெளியாகியிருக்கின்றன. கதவு எண்வாரியாக, தகப்பன் அல்லது கணவர் பெயரோடு, வயதோடு இருக்கும். பிரிந்துபோன பங்காளி வீடுகளைக் கண்டுபிடிக்க இது போதுமானது.

6. சார்பதிவாளர் அலுவலகம்: தேடலின் முதுகெலும்பு

ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு வம்சாவளிக்குச் சமம். மூன்று தலைமுறை ஒரே காகிதத்தில், வயதோடு, உறவோடு, அரசு முத்திரையோடு இருக்கும். நிலம் ஒரு குழியாவது வைத்திருந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

முதலில் வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கணினியில் ஏறிய ஆண்டுகளுக்கு இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் கையால் தேட மனு கொடுக்கவேண்டும். வில்லங்கச் சான்றில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், ஆவண எண், ஆண்டு ஆகியவை இருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஆவண எண்ணும் ஆண்டும். அவற்றை வைத்து ஆவணத்தின் நகல் கேளுங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்வது கடிதத்தின் உறையை மட்டும் படிப்பதைப் போன்றது.

சர்வே எண் தெரியாதா? அலுவலகத்தில் அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்ப்படி, இரண்டாவது சொத்தின்படி. பெயரும் ஏறத்தாழ ஆண்டும் தெரிந்தால் முதல் அட்டவணையில் தேடச் சொல்லலாம்.

எதை யார் கேட்கலாம் என்பதை 1908-ன் பதிவுச் சட்டத்தின் 57-ம் பிரிவு சொல்கிறது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ம் புத்தகத்தில் இருக்கின்றன, அதை யாரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில்கள் 3-ம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும். அவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் நகல் கிடைக்கும், இறப்புச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். 4-ம் புத்தகம் (அசையாச் சொத்தைச் சேராத மற்றப் பத்திரங்கள்) சம்பந்தப்பட்ட தரப்பினருக்கு மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டு, விண்ணப்பத்தில் புத்தக எண்ணையும் எழுதினால் வேலை சுலபமாகும்.

தேடவேண்டிய பத்திர வகைகளை, பயன் அதிகமானதிலிருந்து சொல்கிறேன்: பாகப்பிரிவினை, உயில், விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுப்பது), செட்டில்மெண்ட் (குடும்பத்துக்குள் எழுதிக்கொடுப்பது), ஒத்தி அல்லது போக்கியம், கிரையம். விடுதலைப் பத்திரத்தில் மகள்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வேறு எங்கும் பெயரே வராத அத்தைகள் கணவர் பெயரோடும் வாக்கப்பட்ட ஊரோடும் அதில் இருப்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் அவசரப்படாமல் படியுங்கள். தொடக்கத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார், வயது சுமார் 45’ என்று இருக்கும். அந்த ‘சுமார்’ ஐந்து ஆண்டு முன்பின் போகக்கூடியது. ‘மேற்படி மைனருக்காகத் தாயும் கார்டியனுமான’ என்று வந்தால் தகப்பன் அதற்குள் இறந்துவிட்டார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மைனரின் வயது தெரிந்தால் தகப்பன் இறந்த காலத்துக்கு ஒரு வரம்பு கிடைத்துவிடும். ‘நமது தகப்பனார் காலஞ்சென்ற’ என்று தொடங்கும் வாசகத்தில் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் சொல்லப்பட்டிருக்கும். அதுதான் மூலப்பத்திரத்துக்கு வழி.

பிறகு சொத்து விவரம். நான்கெல்லையில் ‘வடக்கில் இன்னார் நிலம்’ என்று வருபவர் பல நேரங்களில் பங்காளி. ஏனென்றால் ஒரே வயல்தான் அண்ணன் தம்பிகளுக்குப் பிரிந்திருக்கும். அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்தில் சாட்சிகள், பதிவின்போது அடையாளம் காட்டியவர்கள், பத்திரம் எழுதியவர். அடையாளம் காட்டியவர் மைத்துனராகவோ மாமனாராகவோ இருப்பது அடிக்கடி நடக்கும்.

இங்கே நேரும் தவறுகள் இரண்டு. ஒன்று, ஊர் வேறொரு சார்பதிவகத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். பிரிந்த ஆண்டுக்கு முந்தைய பத்திரங்கள் பழைய அலுவலகத்தில் இருக்கும். ‘இந்த ஊர் இதற்கு முன் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது?’ என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இரண்டு, சொந்தக் குடும்பத்தின் இன்றைய நிலத்தை மட்டும் தேடுவது. விற்றுத் தீர்த்த நிலத்தின் பத்திரத்திலும் தாத்தா இருக்கிறார். குடும்பம் எந்த நிலத்தை இழந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த சர்வே எண்ணுக்கும் தேடுங்கள்.

7. பட்டா, சிட்டா, அதற்கும் பின்னால்

பத்திரமே எழுதாமல் வாரிசாக வந்த நிலம் ஏராளம். அப்போது வருவாய்த்துறைப் பதிவேடுதான் துணை.

இன்றைய பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்தில் எடுத்துச் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி 1980-களின் யூ.டி.ஆர். (நில உடைமைப் பதிவேட்டைப் புதுப்பித்த திட்டம்) பதிவேடு, அதற்கு முன் செட்டில்மெண்ட் அல்லது ரீசெட்டில்மெண்ட் (நிலத்தீர்வை நிர்ணயம்) பதிவேடு, அதற்கும் முன் பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைச் சேர்த்தே மனுவில் கேளுங்கள். அது இல்லாமல் மேலே போனால் வேறொருவர் நிலத்தின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

யூ.டி.ஆரில் பெயர்ப் பிழைகள் அதிகம். அதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

குடும்பத்துக்கு இனாம் நிலம், அதாவது மானிய நிலம், இருந்ததென்றால் (கோவில் ஊழியம், கிராம ஊழியம், சத்திரம், பள்ளிவாசல் என எதற்கானாலும்) இனாம் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். 1858-ல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்துப் பதிவு செய்தது. முதலில் மானியம் பெற்றவர், விசாரணையின்போது அனுபவித்தவர், இருவருக்கும் உள்ள உறவு ஆகியவை அதில் தனித்தனிக் கலங்களாக இருக்கின்றன. 1860-களில் இருந்தவரைச் சொல்வதோடு அவருடைய முன்னோரையும் சொல்லும் ஆவணம் இது. இதன் நகல் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஊர், தாலுகா, பழைய மாவட்டம், டைட்டில் டீட் எண் தெரிந்தால் எண் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள்.

1980-ல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் வீட்டில் பழைய கிராமக் கணக்குகளின் படிகள் தங்கியிருக்கலாம். மரியாதையோடு விசாரித்துப் பாருங்கள்.

8. நிலமே இல்லாத குடும்பம் என்றால்

உழைத்த நிலம் இன்னொருவர் பெயரில் இருந்ததால், தலைமுறை தலைமுறையாக எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏறாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். முன்னோர் இல்லாமல் போய்விடவில்லை. தேடும் இடம்தான் வேறு.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு முதலில். தகப்பன் பெயர், தொழில், குடியிருப்பு இருக்கும். பழைய மிஷன் பள்ளியானால் பதிவேடு நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து குலதெய்வக் கோவில். தலைக்கட்டு வரி நோட்டில் குடும்பத் தலைவர்கள் ஆண்டுவாரியாக இருப்பார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் புதுத் தலைக்கட்டு சேரும், இறந்தவர் பெயர் விடுபடும். இந்த இரண்டு மாற்றத்தையும் தொடர்ந்து படித்தால் யாருக்கு எப்போது கல்யாணம், யார் எப்போது இறந்தார் என்பது ஏறத்தாழத் தெரியும். உபயக் கற்களையும் மணியில் பொறித்த பெயர்களையும் படம் எடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு. கத்தோலிக்கப் பதிவேடுகள் இலத்தீனில் இருக்கலாம். ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயரை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் உறவினர். ஊருக்குத் தனிப் பங்கு எப்போது வந்தது என்று கேட்டு, அதற்கு முந்தையதைத் தாய்ப் பங்கில் தேடுங்கள். இஸ்லாமியக் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் இருதரப்புத் தகப்பன் பெயரும் சாட்சிகளும் இருக்கும்.

9. கடல் கடந்து போனவர்கள்

குடும்பத்தில் ஒருவர் ‘கப்பல் ஏறிப் போனார்’ என்றால், ஊரில் இல்லாத விவரம் போன இடத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொருவரையும் எண் போட்டு எழுதிவைத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடல் அடையாளம் இருக்கின்றன. மொரீஷியசில் மோகா என்ற இடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறியோர் பதிவேடுகளை வைத்திருக்கிறது, பலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் கப்பல்கள் போயின. குடியேற்ற அனுமதிச் சீட்டுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூன்று இடத்திலும் அந்த ஆளின் எண்தான் திறவுகோல். அங்குள்ள வாரிசுகளிடம் பழைய திருமண, இறப்புச் சான்றுகளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இப்படி முழுமையான பட்டியலை எதிர்பார்க்க முடியாது. தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அங்கு நடந்த பிறப்பு, இறப்புப் பதிவிலிருந்து வாருங்கள். 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் குடும்ப அட்டையும் பயண ஆவணங்களும் இருக்கும். அவற்றில் பூர்வீக ஊர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் குடிமைப் பதிவேடுகளை இணையத்தில் ஊர்வாரி, ஆண்டுவாரியாகப் போட்டிருக்கிறது. 1881 ஆணைப்படி சொந்த மதச் சட்டத்தைத் துறந்தவர்கள் அப்போது புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய பதிவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

எழுத்துக்கூட்டல் முற்றிலும் மாறியிருக்கும். முனுசாமி மூன்சாமியாகவும், கவுண்டர் கோவெண்டராகவும் தென்னாப்பிரிக்காவில் நிலைத்துவிட்டன. ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், வாய்விட்டு உச்சரித்துப் பார்த்துத் தேடுங்கள்.

10. தீர்ப்புகளில் ஒளிந்திருக்கும் வம்சாவளி

பாகப் பிரிவினை வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிருந்தால், தீர்ப்பிலேயே வம்சாவளி மரம் வரைந்திருப்பார்கள். யார் யாருக்குப் பிறந்தார் என்பதுதான் வழக்கே. சென்னைத் தீர்ப்புத் தொகுப்புகள் 1876 முதல் அச்சில் இருக்கின்றன. இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆள் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து, ஊரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். வாதி சொன்ன வம்சாவளி வேறு, நீதிமன்றம் ஏற்றது வேறு. கடைசிப் பத்திகளைப் படிக்காமல் மரத்தை மட்டும் பகர்த்துக்கொள்ளாதீர்கள்.

11. சேர்த்துக் கட்டும்போது ஏற்படும் பிழைகள்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் கருப்பையா மகன் இராமசாமி, இராமசாமி மகன் கருப்பையா, மறுபடி கருப்பையா மகன் இராமசாமி என்று சுழலும். 1905 பத்திரத்தின் இராமசாமியையும் 1955 பத்திரத்தின் இராமசாமியையும் ஒருவராக்கிவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். வயதையும் மனைவி பெயரையும் ஒப்பிடாமல் இரண்டு ஆவணத்தை ஒரே ஆளுக்கு ஒட்டாதீர்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாருமே அதே தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். பங்காளி வீடுகள் கலப்பது இங்கேதான்.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்களால் ஒரே முன்னோர் இரண்டு எண்ணில் வருவார். அது தவறல்ல. கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் அவரை ஒரே ஆளாக வைத்து இரண்டு வழியிலும் இணையுங்கள். இரண்டு முறை தட்டச்சு செய்தால் பிறகு தேதியை ஓரிடத்தில் திருத்தி இன்னோரிடத்தில் விட்டுவிடுவீர்கள். தரவை ஜெட்காம் (GEDCOM) என்ற பொதுக் கோப்பு வடிவத்திலும் ஒரு படி எடுத்துவையுங்கள், வேறு மென்பொருளுக்கு மாற்றலாம்.

ஒவ்வொரு உறவுக் கோட்டுக்கும் பக்கத்தில் ‘பத்திரம்’, ‘பதிவு’, ‘வாய்மொழி’, ‘ஊகம்’ என்று ஒரு சொல் எழுதுங்கள். ஊகத்தைப் புள்ளிக்கோடாக வரையுங்கள். உறவினர்களுக்கு அனுப்பும் படியிலும் அந்தப் புள்ளிக்கோடு இருக்கட்டும். ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் நேர்கோடாகப் போன ஊகத்தைத் திரும்பப் பெற முடியாது.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, சொத்து விவரம் அந்தப் படியில் வேண்டாம். படக் கோப்புகளுக்கு ஆண்டு, ஊர், ஆவண வகை, ஆளின் எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 1931-ஊர்ப்பெயர்-பாகப்பிரிவினை-8. ஆண்டு முன்னால் இருந்தால் கணினியே காலவரிசைப்படி அடுக்கித் தரும். ஒரு படி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம்.